ராமுவும் சோமுவும் மாட்டிக்கொண்ட இரவு

மணி பத்தரை. மறைமலைநகர் அடங்கிவிட்டது. செங்கல்பட்டுக்குப் போகிற மின்ரயில் தடதடத்துக் கடந்ததோடு சரி, அப்புறம் தெருவில் சத்தமே இல்லை. என் மாடி அறையில் மடிக்கணினி திறந்திருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அதற்குள்ளே ஒரு லினக்ஸ் கெர்னலை வேண்டுமென்றே சிக்க வைக்கப்போகிறேன். எத்தனையோ தடவை செய்த வேலைதான். ஆனாலும் எண்டரைத் தட்டுகிற நேரத்தில் விரல் குறுகுறுக்கிறது! வாங்க, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்க. இந்த வேலை நடக்கிற இடத்துக்குள் வெளியாட்கள் எட்டிப் பார்க்கிற வாய்ப்பு லேசில் கிடைக்காது.

மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகாது. கியூஎமு என்றொரு மென்பொருள் அதற்குள்ளேயே இன்னொரு கணினியை உண்டாக்கித் தருகிறது. அந்தக் கணினிக்குத் தனி நினைவகம், தனி வட்டு, தனி கெர்னல். எல்லாம் பாவனைதான், ஆனால் உள்ளே இருக்கிற கெர்னல் நிஜக் கணினியில் ஓடுவது போலவே ஓடும். இயங்குதளத்தின் நட்டநடு உயிர்ப்பகுதி கெர்னல். எந்த நிரல் எப்போது ஓடும், யாருக்கு எவ்வளவு நினைவகம், வட்டில் எழுதுகிற முறை யாருடையது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். அந்தக் கெர்னலுக்குள் நாற்பது வரிக்குள் அடங்குகிற ஒரு மாட்யூலை, அதாவது கெர்னலோடு சேர்ந்து ஓடுகிற ஒரு துண்டு நிரலை, எழுதி ஏற்றியிருக்கிறேன். அதில் மியூட்டெக்ஸ் என்கிற வகைப் பூட்டுகள் இரண்டு. ஒன்றுக்கு மல்லி என்று பெயர், மற்றதற்கு முல்லை.

மாட்யூல் இரண்டு கோப்புகளைக் காட்டும். முதல் கோப்பைப் படிக்க வருகிறவன் மல்லியைப் பூட்டி, ஒரு நொடி நின்று, முல்லையைக் கேட்பான். இரண்டாவது கோப்பைப் படிக்க வருகிறவன் முல்லையைப் பூட்டி, ஒரு நொடி நின்று, மல்லியைக் கேட்பான். முதல் ஆளுக்கு ராமு என்று பெயர் வைத்தாயிற்று, இரண்டாவது ஆள் சோமு. அவ்வளவுதான் சதி. இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் ராமுவை அனுப்பி, ஒரு நொடிக்குள் அடுத்ததில் சோமுவை அனுப்ப வேண்டும்.

தட்டினேன்.

பாருங்க! கர்சர் மின்னுகிறது, வேறு எதுவும் நடக்கவில்லை. கன்ட்ரோல் சி அழுத்தினால் திரையில் ஒரு கூரைக்குறியும் சி எழுத்தும் விழுகின்றன, ஆள் அசையவில்லை. மூன்றாவது டெர்மினலில் இருந்து கில் கட்டளையை மைனஸ் ஒன்பதோடு அனுப்புகிறேன். கணினி உலகத்தில் அதுதான் பிரம்மாஸ்திரம், எந்த ப்ராசஸையும், அதாவது ஓடிக்கொண்டிருக்கிற எந்த நிரலையும், கேள்வி கேட்காமல் முடித்துவிடும். ராமு மேல் போய் விழுகிறது. ராமு அப்படியே நிற்கிறான்.

என்ன நடந்தது என்று புரிய ரயில்வே கேட்டை நினைத்துக்கொண்டால் போதும். கேட் மூடியிருக்கிறது. இந்தப் பக்கம் முதலில் ஒரு லாரி ஒழுங்காக இடதுபுறம் நிற்கும். அப்புறம் வருகிற ஆட்டோ அதன் வலப்பக்கம் முன்னேறும், அதற்கும் வலப்பக்கம் ஒரு கார், மிச்ச இடுக்கெல்லாம் பைக். சாலையின் முழு அகலமும் அடைந்துபோகும். அந்தப் பக்கமும் இதே கதை. ரயில் போய், கேட் திறந்ததும் இரண்டு படைகளும் நேருக்கு நேர். எனக்கு உன் இடம் வேண்டும், உனக்கு என் இடம் வேண்டும், என் இடத்தை நான் விடமாட்டேன். எல்லோரும் போக வேண்டிய திசையைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள், ஒரு வண்டிகூடப் பழுதில்லை. ஆனாலும் ஒரு சக்கரம் உருளாது.

இப்படி முட்டிக்கொள்ள நான்கு நிலைமைகள் ஒரே நேரத்தில் கூட வேண்டும் என்று 1971-இல் காஃப்மேன், எல்ஃபிக், ஷோஷானி என்ற மூவர் எழுதினார்கள். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். கையில் ஒன்றை வைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்கிறார்கள். கையில் இருப்பதைப் பிடுங்க முடியாது. கடைசியாக, காத்திருக்கிறவர்களின் சங்கிலி சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்கிறது. நான்கில் ஒன்றை உடைத்தாலும் வழி திறந்துவிடும். கேட்டில் டீக்கடைக்காரர் ஓடி வந்து, “அண்ணே, நீங்க கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க” என்று ஒரு காரைப் பின்னால் தள்ளுகிறாரே, அவர் உடைப்பது மூன்றாவது நிலைமையை. கெர்னலுக்குள் அப்படி ஒரு டீக்கடைக்காரர் கிடையாது. பூட்டை வைத்திருப்பவனிடமிருந்து பிடுங்கினால், அவன் பாதி திருத்தி வைத்திருக்கிற தகவல் பாதியிலேயே நின்று மொத்தமும் கெட்டுப்போகும். அதனால் யாரும் பிடுங்குவதில்லை.

டெட்லாக் என்கிற இதற்குத் தமிழில் முட்டுக்கட்டை என்று சொல்லலாம். தேர் ஓடும்போது சக்கரத்தின் அடியில் செருகுகிற மரக்கட்டை அது. பத்திரிகைகள் பேச்சுவார்த்தைக்குப் போடுகிற அதே சொல். ஆனால் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. முட்டுக்கட்டை என்றால் வெளியில் இருந்து யாரோ போட்டதாக ஆகிவிடுகிறது. டெட்லாக்கில் வெளியாள் யாருமில்லை, இருவரும் ஒருவருக்கொருவர் கட்டை. எனவே இருமுட்டு என்று நான் சொல்லிப் பார்ப்பதுண்டு. இந்த ஊரில் உட்கார்ந்து சொல் தேடுவதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. வேதாசலம் என்ற சுவாமி தம் பெயரையே தமிழாக்கினார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகளாயிற்று. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அந்த மறைமலையடிகளின் பெயர்தான் என் வீட்டு முகவரியில் இருக்கிறது.

சரி, ராமுவிடம் திரும்புவோம். ப்ராசஸ் பட்டியலைக் கேட்கிறேன். ராமுவுக்கும் சோமுவுக்கும் நேரே நிலை என்கிற இடத்தில் ஒற்றை எழுத்து: டி. லினக்ஸில் ஓடுகிறவனுக்கு ஆர், சாதாரணமாகத் தூங்குகிறவனுக்கு எஸ், முடிந்தும் கணக்கு தீராதவனுக்கு இசட். டி என்றால் எழுப்ப முடியாத உறக்கம். ஏன் இப்படி ஒரு நிலையை வைத்தார்கள்? வட்டு ஒன்று ப்ராசஸின் நினைவகத்துக்குள் தகவலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் ப்ராசஸைக் கொன்று, அதன் நினைவகத்தை வேறு யாருக்காவது கொடுத்தால், வட்டு புது ஆளின் வீட்டுக்குள் கொட்டிவிடும். அதனால், இந்த வேலை முடியும் வரை யார் கூப்பிட்டாலும் திரும்பாதே என்று ஒரு கட்டளை. அது பெரும்பாலும் மில்லிநொடிகளில் முடிந்துவிடும், நம் கண்ணில் படாது. இன்று நான் அதை முடிவில்லாமல் நீட்டிவிட்டேன். 2008-இல் ஒரு நடுவழி வந்தது. கொல்கிற சமிக்ஞைக்கு மட்டும் எழுந்திருக்கிற இன்னொரு உறக்கம். என் மாட்யூலில் அதை நான் பயன்படுத்தவில்லை, வேண்டுமென்றேதான்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. லோட் ஆவரேஜ், அதாவது கணினியின் சராசரிச் சுமை, மெல்ல ஏறி 2-ஐத் தொட்டு நிற்கிறது. ஆனால் சிபியு சும்மா இருக்கிறது, விசிறிகூடச் சுற்றவில்லை! வேலையே நடக்கவில்லை, சுமை மட்டும் 2. லினக்ஸ் 1993-லிருந்தே டி நிலையில் இருப்பவர்களையும் சுமைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. சர்வரில் லோட் 300, சிபியு 1 சதவீதம் என்று யாராவது பதறிப்போய் கூப்பிட்டால் என் காது விடைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு பெருங்கூட்டம் ஏதோ ஒரே கதவின் முன் நிற்கிறது என்று அர்த்தம்.

பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி ஒரு சர்வர் நின்றது. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டால்கூடப் பதில் வராது, கேட்ட கட்டளையும் போய் வரிசையில் நின்றுகொள்ளும். தொலைவில் இருந்த ஒரு கோப்புச் சர்வர் இறந்துவிட்டது, இது அதன் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அது தெரியாது. மேலே இருந்தவர் சொன்னார், “ரீபூட் பண்ணிடுங்கப்பா, ஆபீஸ் டைம்.” பண்ணினேன். எல்லாம் சரியானது, அடுத்த வாரம் மறுபடி நின்றது. மறுபடி ரீபூட். அந்த ஒவ்வொரு ரீபூட்டிலும் நான் துடைத்து எறிந்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். கிராஷ் ஆகிற பிழை ஓடிப்போகிற திருடன். சிக்கி நிற்கிற பிழை அப்படி இல்லை. கதவைப் பிடித்த கை பிடித்தபடி, எடுத்து வைத்த கால் அந்தரத்தில், எல்லோரும் அந்த நொடியில் இருந்தபடியே உறைந்திருக்கிறார்கள். இத்தனை நேர்மையான பிழை வேறு இல்லை. யார் எதைப் பிடித்திருக்கிறான், யாருக்காக நிற்கிறான் என்று ஒவ்வொருவனும் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறான். நாம் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பதற்கு முன்னால் கெர்னலே ஒரு காவலாளியை அனுப்பும். கேஹங்டாஸ்க்டி என்று பெயர். அது 120 நொடிக்கு ஒரு முறை ரோந்து வரும். டி நிலையில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு எண்ணைப் பார்க்கும்: இவன் இதுவரை எத்தனை முறை சிபியுவில் ஏறி இறங்கியிருக்கிறான்? போன ரோந்தில் பார்த்த அதே எண்தான் இப்போதும் என்றால், ஆள் இடைப்பட்ட நேரம் முழுக்க அசையவில்லை. அதனால் செய்தி வர இரண்டு நிமிடமும் ஆகலாம், நான்கு நிமிடத்தை நெருங்கவும் செய்யலாம். வந்துவிட்டது! ராமு என்கிற டாஸ்க் 122 நொடிக்கு மேலாக அடைபட்டு நிற்கிறது என்று ஒரு வரி. அதன் கீழே, என் கண்ணுக்குத் தங்கமாகத் தெரிகிற கால் டிரேஸ்.

இதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் சிஸ்கால்: பயனரின் நிரல் கெர்னலின் வாசலைத் தட்டிய இடம். அதற்கு மேல் ரீட், படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அதற்கு மேல் விஎஃப்எஸ் ரீட், எல்லாக் கோப்பு வகைக்கும் பொதுவான கூடம். அப்புறம் நான் எழுதிய என் ஃபங்ஷனின் பெயர்! அதன் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் ஒரு பதினாறடிமான எண்ணும். அந்த ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் நிற்கிறான் என்பது அது. அதை வைத்துக் கோடின் வரி எண்ணையே எடுத்துவிடலாம். எடுத்தேன். முல்லையைக் கேட்கிற வரி. அதற்கும் மேலே மியூட்டெக்ஸ் லாக், உச்சியில் ஷெட்யூல். ‘பூட்டு கிடைக்கவில்லை, நான் தூங்குகிறேன், வேறு யாரையாவது ஓட்டிக்கொள்’ என்று சிபியுவை விட்டுக்கொடுத்த இடம். ஒரு ப்ராசஸ் வாசல் தாண்டி, கூடம் தாண்டி, எந்த அறையின் எந்த ஓடு மேல் கால் வைத்து நிற்கிறது என்று பத்து வரியில் தெரிந்துவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சிலிர்ப்புதான்.

எங்கே நிற்கிறான் என்பது தெரிந்தது. யாருக்காக நிற்கிறான்? இங்கேதான் கெர்னல் மியூட்டெக்ஸின் உள்ளே நுழைய வேண்டும். ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் ஓனர் என்று ஓர் இடம், அதில் ஓர் எண். இப்போது பூட்டை வைத்திருப்பவனின் டாஸ்க் ஸ்ட்ரக்ட், அதாவது அவனைப் பற்றிய கெர்னலின் குறிப்பேடு, நினைவகத்தில் இருக்கிற முகவரி அது. ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டாஸ்க்கின் முகவரியில் கடைசிச் சில பிட்டுகள் எப்போதும் பூச்சியமாகத்தான் இருக்கும். சும்மாதானே கிடக்கிறது என்று அந்தக் கடைசி மூன்று பிட்டில் கெர்னல் குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. முல்லையின் ஓனரைப் பார்க்கிறேன், எண் 1-இல் முடிகிறது. வாசலில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த மூன்று பிட்டையும் அழித்துவிட்டு முகவரிக்குப் போனால், சோமு! சோமு எதற்கு நிற்கிறான் என்று அவனுடைய கால் டிரேஸைப் பார்த்தால் மல்லி. மல்லியின் ஓனரைத் திறந்தால், ராமு. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, இந்தச் சொத்து அவர் பெயரில், அந்தச் சொத்து இவர் பெயரில் என்று சுற்றி வந்து தொடங்கிய பெயரிலேயே முட்டி நிற்பது போல. 2025-இல் வந்த கெர்னல்களில் இந்தத் தேடலின் முதல் படியைக் காவலாளியே செய்து, இவன் நிற்கிற மியூட்டெக்ஸ் அநேகமாக இன்னாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. நல்லதுதான். கையால் தேடிப் பிடிக்கிற சுகத்தை விட எனக்கு மனசில்லை, அதனால் அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறேன்.

ராமு, சோமு மாதிரி அமைதியாக நிற்பவர்கள் ஒரு ரகம். ஸ்பின்லாக் என்கிற பூட்டில் மாட்டியவர்கள் வேறு ரகம். அவர்கள் தூங்கமாட்டார்கள், திறந்துவிட்டதா, திறந்துவிட்டதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே சுழல்வார்கள். சிபியு நூறு சதவீதம், விசிறி அலறும். 20 நொடிக்கு மேல் ஒரு சிபியு இப்படி மாட்டிக்கொண்டால் சாஃப்ட் லாக்கப் என்ற கூச்சல் வரும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ‘22 நொடியாக மாட்டியிருக்கிறது’ என்ற அந்த வரி மனப்பாடம்.

டெர்மினலே வேலை செய்யாத அளவுக்கு மொத்தமும் நின்றுவிட்டால்? அதற்கும் ஒரு கள்ளவழி உண்டு. விசைப்பலகையில் பிரிண்ட் ஸ்கிரீன் விசைமேல் சிஸ்ரிக்யூ என்று எழுதியிருக்குமே, பல பேர் வாழ்நாளில் தொட்டிருக்காத அந்த விசை. ஆல்ட்டையும் அதையும் பிடித்துக்கொண்டு டபிள்யூ அழுத்தினால், கெர்னல் தன் கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டு டி நிலையில் இருப்பவர்கள் அத்தனை பேரின் கால் டிரேஸையும் கொட்டும். எல் அழுத்தினால் ஒவ்வொரு சிபியுவும் எங்கே நிற்கிறது என்று சொல்லும். சி அழுத்தினால் கெர்னல் அந்த இடத்திலேயே தன்னைத்தானே விழுத்திக்கொள்ளும். அப்படி ஏன் யாராவது செய்ய வேண்டும்? டம்ப் எடுக்கத்தான்!

இந்த இடத்தில் நம் பக்கத்து ஊர் ஆட்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கெர்னல் விழும்போது அதன் நினைவகத்தைக் கோப்பாக எழுத வேண்டும், அதுதான் டம்ப். ஆனால் விழுந்துகொண்டிருக்கிற கெர்னலை நம்பி வட்டில் எழுதச் சொன்னால், அது எழுதுகிற கோடே கெட்டுப்போயிருக்கலாம். 2005-இல் கேடம்ப் என்ற வழி லினக்ஸுக்குள் வந்தது. அதை ஆக்கியதில் பெங்களூரு ஐபிஎம்மில் இருந்த விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா போன்றவர்களின் பங்கு பெரிது. அவர்கள் யோசனை என்ன தெரியுமா? கணினி பூட் ஆகும்போதே நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக வைத்துவிடுவது. முதல் கெர்னல் விழுந்ததும் கணினியை அணைக்காமலே கெக்செக் என்ற வசதி வழியாக இரண்டாவது எழுந்துகொள்கிறது. இறந்தவனின் நினைவகம் கலையாமல் அப்படியே கிடக்கிறது, புதியவன் ஆரோக்கியமாக அதைக் கோப்பாக எழுதுகிறான். அதே பெங்களூரு கூட்டத்தில்தான் அனந்த் மாவினகாயனஹள்ளி, பிரசன்னா பஞ்சமுகி போன்றவர்கள் கேப்ரோப்ஸை வளர்த்தார்கள். ஓடிக்கொண்டிருக்கிற கெர்னலை நிறுத்தாமல், ஏதாவது ஒரு கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு பொறியை வைப்பது. யார் மிதித்தாலும் நமக்குத் தகவல் வரும். இன்று உலகத்தில் எந்தத் தரவு மையத்தில் கெர்னல் விழுந்தாலும், கேடம்ப்பை இயக்கி வைத்திருந்தால், ஓசூர் எல்லையைத் தாண்டினால் வருகிற ஊரில் எழுதிய கோடு எழுந்து சாட்சியைப் பத்திரப்படுத்துகிறது. எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்முகிறது, மறைக்க மாட்டேன்.

பெருமை என்று ஆரம்பித்தால் செவ்வாய்க்குப் போகாமல் முடியாது. 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாளில், வானிலைத் தகவலைத் திரட்டத் தொடங்கிய பிறகு, கணினி திடீர் திடீரென்று தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. இங்கிருந்து ஒரு சேதி அங்கே போய்ச் சேரவே அப்போது பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. சிஸ்ரிக்யூ அழுத்த யாருமில்லை!

நடந்தது டெட்லாக் அல்ல, அதன் ஒன்றுவிட்ட தம்பி. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரருக்கு உக்கிராண அறையின் சாவி வேண்டும். சாவி ஒரு எடுபிடிப் பையன் கையில். அவன் ஒடுக்கமான நடை வழியாக வந்து கொடுக்க வேண்டும், அந்த நடையிலோ சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெரியவர்களைப் பார்த்ததும் பையன் ஒதுங்கி நிற்கிறான். மண்டபத்திலேயே அவசரமான வேலை சமையல்காரருடையது, அது எடுபிடிப் பையனுக்குப் பின்னால், அவனோ நடுத்தர அவசரக்காரர்கள் எல்லோருக்கும் பின்னால். பாத்ஃபைண்டரில் சமையல்காரர் இடத்தில் தகவல் தடத்தை நிர்வகிக்கிற டாஸ்க், பையன் இடத்தில் வானிலை டாஸ்க், நடையில் நடமாடியவை தகவல் தொடர்பு முதலிய நடு முன்னுரிமை வேலைகள். தட நிர்வாகி நேரத்துக்கு வேலையை முடிக்கவில்லை என்பதைக் கண்ட கண்காணிப்பு, என்னவோ பெரிய கோளாறு என்று மொத்தத்தையும் ரீசெட் செய்தது. பூமியில் வைத்திருந்த இரட்டைக் கலத்தில் பொறியாளர்கள் மணிக்கணக்காக ஓட்டிப் பார்த்து இதைப் பிடித்தார்கள்.

மருந்து ஏற்கெனவே கலத்தில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்துக்குள் இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாவி கையில் இருக்கும் வரை அந்தப் பையனுக்குச் சமையல்காரரின் அந்தஸ்து. சித்தப்பாவே ஆனாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். சாவியைக் கொடுத்ததும் பழையபடி பையன். இதற்கு முன்னுரிமைப் பேறு என்று பெயர் சொல்லலாம். இந்த முறையைக் கணக்குப் போட்டு நிறுவி 1990-இல் கட்டுரையாக வெளியிட்டவர்கள் லுயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. அந்த நடுப்பெயரைக் கவனித்தீர்களா! கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984-இல் பி.இ. முடித்து, பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போனவர். பூமியில் இருந்து ஒரு சின்னத் திருத்தம் கிளம்பியது, பொய் என்றிருந்த மாறிகள் மெய் என்று மாறின, ரீசெட் நின்றது.

அதே ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்நேர அமைப்புகள் பற்றிய மாநாடு. விஎக்ஸ்வொர்க்ஸை உருவாக்கிய நிறுவனத்தின் டேவிட் வில்னர் மேடையில் இந்தக் கதையைச் சொல்லி, இந்தக் கட்டுரைதான் காரணம் என்று குறிப்பிட்டார். கட்டுரையை எழுதிய மூவரும் அந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்! எழுந்து நிற்கச் சொன்னார்கள், அரங்கம் ஆரவாரித்தது. கோட்பாட்டுக் கட்டுரை எழுதியவர்களுக்குச் சினிமா நட்சத்திரங்கள் போலக் கைதட்டல். இதை எழுதும்போதே எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருக்கிறது.

மணி ஒன்றாகிவிட்டது. கிளம்பிவிடாதீர்கள், எனக்கு மிகப் பிடித்ததை இன்னும் காட்டவில்லை. இதுவரை பார்த்தது சிக்கிய பிறகு துப்பறிவது. சிக்குவதற்கு முன்பே சொல்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். இங்கோ மோல்னாரும் ஆர்யன் ஃபான் டி ஃபெனும் 2006-இல் கெர்னலுக்குள் கொண்டுவந்த லாக்டெப். யார் எந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து எதைப் பூட்டினார்கள் என்று ஒவ்வொரு முறையும் பேரேட்டில் எழுதிக்கொண்டே இருப்பான். எழுதுவதால் கெர்னலின் வேகம் குறையும், அதனால் சோதனைக் கெர்னலில்தான் இவனுக்கு வேலை.

லாக்டெப் உள்ள கெர்னலை பூட் செய்கிறேன். இந்த முறை ராமுவை மட்டும் அனுப்புகிறேன். மல்லி, முல்லை, இரண்டையும் பூட்டித் திறந்து நல்லபடியாக வெளியே வந்துவிட்டான். ஒரு நிமிடம் விட்டு சோமுவை அனுப்புகிறேன். முல்லையைப் பூட்டினான், மல்லியைக் கேட்டான். ராமு எப்போதோ போய்விட்டான், பூட்டு காலியாகக் கிடக்கிறது, சோமுவுக்கு உடனே கிடைத்துவிடும். சிக்கலே இல்லை. ஆனாலும் திரை முழுக்க எச்சரிக்கை! வட்டமாகச் சுற்றி வரக்கூடிய பூட்டு வரிசை தெரிகிறது என்று கத்துகிறான் லாக்டெப். முன்னே ஒருவன் மல்லிக்குப் பிறகு முல்லையை எடுத்தான், இவன் தலைகீழாக எடுக்கிறான், இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் மாட்டிக்கொள்வார்கள் என்று. சொல்வதோடு நிற்காமல் எழுத்துகளாலேயே படமும் போட்டுக் காட்டுகிறான். இடப்பக்கம் ஒரு சிபியு, வலப்பக்கம் ஒரு சிபியு, எது எந்த வரிசையில் பூட்டும் என்று இரண்டு நெடுவரிசை, கீழே நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே பெரிய எழுத்தில் டெட்லாக். நடக்காத விபத்துக்கு வரைபடம்!

தீர்வு இரண்டு வரி இடமாற்றம். சோமுவும் முதலில் மல்லியை எடுக்கட்டும். எல்லோரும் ஒரே வரிசையில் எடுத்தால் சங்கிலி சுற்றி வந்து சேராது, காஃப்மேன் கூட்டத்தின் நான்காவது நிலைமை உடைந்துவிடும். பூட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கிற நிஜக் கெர்னலிலும் இதே வழிதான். நினைவக மேலாண்மைக் கோடில் சில கோப்புகளின் தலைப்பில் எந்தப் பூட்டுக்குள் எந்தப் பூட்டு வரலாம் என்று மரம் போல எழுதியே வைத்திருக்கிறார்கள். மாற்றினேன், கம்பைல் செய்தேன். லாக்டெப் ஒரு முறை கத்திவிட்டால் அதோடு வாயை மூடிக்கொள்வான், அதனால் மறுபடி பூட் செய்து, ராமுவையும் சோமுவையும் பல முறை அடுத்தடுத்து அனுப்பினேன். லாக்டெப் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. மூன்றாவதாக ஒரு பூட்டைச் சேர்த்திருக்கிறேன், செம்பருத்தி என்று பெயர். மல்லிக்குப் பிறகு முல்லை, முல்லைக்குப் பிறகு செம்பருத்தி, செம்பருத்திக்குப் பிறகு மல்லி. மூன்று பேரைத் தனித்தனியாக, ஒருவர் முடித்த பிறகு ஒருவராக அனுப்பப்போகிறேன். எந்த இருவரை எடுத்துப் பார்த்தாலும் தலைகீழ் வரிசை கிடையாது. மூவரையும் சேர்த்தால்தான் வட்டம். புதிதாக பூட் செய்தாயிற்று. முதல் ஆள் போய் வந்துவிட்டான். இரண்டாவது ஆளும் வந்துவிட்டான். திரை சுத்தமாக இருக்கிறது.

மூன்றாவது ஆளுக்கு எண்டரை நீங்களே தட்டுங்க.